எல்லாவற்றுக்கும் சரிங்க

பார்சலைப் பிரித்தபோது உள்ளே ஒரு பனியன் இருந்தது. நான் பணம் கட்டியிருந்தது காது மிஷினுக்கு. திருப்பூரில் முப்பது வருடமாகப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு, எந்த ஊர்க்காரன் என்றே தெரியாத ஒருவன் பனியன் அனுப்பி வைத்திருக்கிறான். முதலில் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். கூடச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

கைப்பழக்கம் விடுமா? பனியனை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மட்டமான நூல். முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் அப்படித்தான் கோடு விழும். உடனே நிறுத்தி ஊசியை மாற்ற வேண்டும். எவனோ கவனிக்காமல் ரோல் முழுக்க ஓட்டியிருக்கிறான். எங்கள் யூனிட்டில் அந்தத் துணி செக்கிங் மேஜையைத் தாண்டியிருக்காது. ஏமாற்றுவதுதான் ஏமாற்றுகிறான், நல்ல பனியனாகப் பார்த்து அனுப்பக் கூடாதா என்று அவனைத் திட்டினேன். அதற்குப் பிறகுதான் கட்டிய பணம் ஞாபகத்துக்கு வந்தது.

எனக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கிற யூனிட்டில், ஒரே கூடத்தில் பதினாறு நிட்டிங் மிஷின்கள் ஓடுகின்றன. உள்ளே போய் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்கு வாயை விடக் கைதான் அதிகம் பேசும். இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. மணிக்கட்டைச் சுழற்றினால் நூல் சுற்றிய கோன் தீரப்போகிறது. உள்ளங்கையைக் கீழே பார்த்து அழுத்தினால் மிஷினை நிறுத்து. எனக்கு அடுத்த மிஷினில் ஒடிசாக்காரர் ஒருவர் ஐந்து வருடமாக இருக்கிறார். அவர் பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. எங்களுக்குள் இதுவரை ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை.

அந்தக் கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சூப்பர்வைசரோ முதலாளியோ வந்து ஏதாவது சொல்வார்கள். வாய் அசைவது தெரியும். சொன்னதில் பாதி விழும், பாதி விழாது. "என்னங்க?" என்று கேட்டால் அவர் மறுபடியும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பெரிய மனுஷரை அப்படிக் கத்த விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதனால் தலையை ஆட்டி "சரிங்க" என்று சொல்லிவிடுவோம். அவர் போன பிறகு, எந்த மிஷினைப் பார்த்துக் கை காட்டினார், எந்த நூல் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார் என்பதை வைத்து மீதிப் பாதியை நாங்களே ஊகித்துக்கொள்வோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முப்பது வருடம் இப்படிச் சரிங்க சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்.

மனைவி இருந்தவரை காது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எதிரே வந்து நின்றுதான் பேசுவாள். எங்கள் ஒரே மகள் சென்னையில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். அம்மாவும் மகளும் அரை மணி நேரம் பேசுவார்கள். பேசி முடித்துவிட்டு மனைவி வந்து, தன் சொந்தக் கருத்துகளையும் கொஞ்சம் சேர்த்து, எல்லாவற்றையும் எனக்கு ஒப்பிப்பாள். மகளுடைய சேதி என்பது எனக்கு மனைவி வாயால் வருவதுதான். இரண்டரை வருடத்துக்கு முன் மனைவி போய்விட்டாள். மருத்துவமனைக்குப் போன நாலாம் நாள். அதன் பிறகுதான் எனக்கு எவ்வளவு கேட்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

ராயபுரத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். குக்கர் விசில் கேட்காது. அடுப்பு முன்னாலேயே நின்று ஆவி எத்தனை முறை சீறுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது கதவைத் தட்டினால் தெரியாது என்று பகலெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வருகிறவர்கள்தான் யாரும் இல்லை. டிவியைப் பக்கத்து வீட்டுக்காரர் மாடியேறி வந்து குறைக்கச் சொன்ன பிறகு அதைப் போடுவதையே விட்டுவிட்டேன். ஒருநாள் முழுக்க ஒரு மனிதக் குரலும் காதில் விழாமல் போகும். மறுநாளும் அப்படியே போகும். ஒண்டிக்கட்டை என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அவளுக்கு மெல்லிய குரல். கட்டைக் குரலில் பேசினால் எனக்குக் கொஞ்சம் விழும், மெல்லிய குரல்தான் முதலில் போனது. போனைக் காதில் அழுத்தி வைத்தாலும் எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓர் ஓசை வரும், சொல் எதுவும் பிடிபடாது. ஓசை நின்றால் நான் பேச வேண்டிய முறை என்று அர்த்தம். முதல் முறை நின்றால் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பாள், "ஆச்சு கண்ணு" என்பேன். இரண்டாவது முறை மாத்திரையாக இருக்கும், "போட்டுட்டேன்" என்பேன். அதற்குப் பிறகு வருவதற்கெல்லாம் "சரி கண்ணு", "நல்லது கண்ணு". நிட்டிங் கூடத்தில் கை காட்டுவதைப் பார்த்தாவது பிழைத்துக்கொள்ளலாம். போனில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அரை மணி நேரம் பேசியவள் பத்து நிமிடம் பேச ஆரம்பித்தாள். அப்புறம் அதுவும் குறைந்தது. சில வாரம் கூப்பிடுவதே இல்லை. தீபாவளிக்கு வரவில்லை. ஏன் என்று போனில் சொல்லியிருப்பாள், நானும் சரி என்றிருப்பேன். அவளுக்கு நான் சலித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா இருந்தால்தான் பெண் பிள்ளைகளுக்குப் பிறந்த வீடு, அப்பன் ஒருவனுக்காக யார் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு அழுதும் இருக்கிறேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

காது கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடுங்கள் என்பாள். மருமகன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து காலத்தைத் தள்ள எனக்கு இஷ்டமில்லை. யூனிட்டிலும் சொல்ல முடியாது. மிஷின் ஓடுகிற சத்தம் மாறுவதை வைத்தே ஊசி உடைந்ததைச் சொல்கிறவன்தான் நல்ல ஆப்பரேட்டர். நான் கொஞ்ச காலமாகக் கையை மிஷின் மேல் வைத்து அதிர்வை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அது வெளியே தெரிந்தால் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவார்கள். டவுனில் காது மிஷின் விற்கிற கடை இருக்கிறது. அதன் படியேறினால் எனக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது பார்ப்பார்கள். ஆகவே யாருக்கும் தெரியாமல் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை என் மகள் பேசுவது என் காதில் விழ வேண்டும்.

போனில் காது மந்தத்துக்கு மருந்து உண்டா என்று ஒரே ஒரு முறைதான் தேடினேன். அடுத்த நாளிலிருந்து எதைத் திறந்தாலும் காது மிஷின் விளம்பரமாக வந்து விழுந்தது. அதில் ஒன்று என்னைச் சாய்த்துவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே சிவப்பு எழுத்தில், பாதி விலைத் தள்ளுபடி முடிய இன்னும் பதினோரு நிமிடம் என்று ஒரு கடிகாரம் ஓடியது. மறுநாள் காலையில் திறந்து பார்த்தேன். அப்போதும் பதினோரு நிமிடம்தான் பாக்கி இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

நான் ஒரு கோன் நூல் வந்தால்கூட லாட் நம்பரைப் பார்க்காமல் மிஷினில் ஏற்ற மாட்டேன். அப்படிப்பட்டவன் அந்தக் கடைக்கு ஒரு முகவரி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கிற வழி இல்லையா என்று தேடினேன், அதை அமுக்க முடியாதபடி மங்கலாக வைத்திருந்தார்கள். இப்போதே முழுப் பணமும் கட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி என்று எழுதியிருந்தது. கட்டினேன். வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். இருபது பேரும் அருமை, அற்புதம் என்று ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். உலகத்தில் எந்தப் பொருளையாவது இருபது பேர் ஒரே மாதிரி பாராட்டுவார்களா? செக்கிங்கில் இருபது பெண்கள் உட்கார்ந்தால் ஒரே பனியனில் இருபது விதமான குறை சொல்வார்கள். இதெல்லாம் பிறகு தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் பார்சல் வந்தது. பனியன் வந்த கதையைச் சொல்லிவிட்டேன். அத்தோடு விட்டிருந்தால் ஒரு காது மிஷின் விலையோடு போயிருக்கும். விளம்பரம் வந்த பக்கத்தில் போன் நம்பர் இல்லை. கடையின் பெயரைப் போட்டு வாடிக்கையாளர் சேவை என்று தேடினேன். முதல் வரியிலேயே ஒரு நம்பர் வந்தது. தேடினால் கிடைக்கிற நம்பரை யார் வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம், திருடன்கூடப் போட்டு வைக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. கூப்பிட்டேன்.

எடுத்தவனுக்கு நல்ல கட்டைக் குரல். இத்தனை நாளில் போனில் எனக்குக் கொஞ்சமாவது கேட்ட குரல் அதுதான், நினைத்தால் வயிறு எரிகிறது. "வணக்கம் சார்" கேட்டது. "மன்னிக்கணும் சார்" கேட்டது. நடுவில் "ரீஃபண்ட்" என்பது விழுந்தது. பணம் திரும்பி வரும் என்கிறான் என்று புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் நீளமாக என்னமோ சொன்னான். நான் வழக்கம்போலச் சரிங்க என்றேன். மறுபடியும் சொன்னான். "ஆமாங்க, சரிங்க, நல்லதுங்க" என்றேன். எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு வாரமாக என்னிடம் அவ்வளவு நேரம் பேசியவர்கள் யாரும் இல்லை.

பிறகு போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கட்டம் கட்டமாகக் கறுப்புச் சதுரம் ஒன்று, கடைகளில் பணம் கட்ட ஸ்கேன் செய்வோமே, அது. கீழே, 'இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வரும்' என்று எழுதியிருந்தது. இன்னொரு போனில் அந்தப் படத்தை வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அதற்கும் கீழே எழுதியிருக்க, மனைவியின் பழைய போனை எடுத்தேன். அவள் போன பிறகும் அதைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். படத்தை அதற்கு அனுப்பித் திறந்து, என் போனால் ஸ்கேன் செய்தேன். திரையில் பணம் செலுத்தவும் என்று வந்தது.

எனக்கு ஒரு நொடி கை நின்றது. பணம் வாங்குவதற்கு எதற்குப் பின் நம்பர், செலுத்தவும் என்று ஏன் கேட்கிறது என்று தோன்றியது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, தோன்றியது. ஆனால் அவன்தான் அவ்வளவு நேரம் பேசினானே, இதைப் பற்றித்தான் விளக்கியிருப்பான், எனக்குத்தான் அந்தப் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் சரிங்க சொல்லிவிட்டு இப்போது போய் என்னங்க என்று கேட்டால் அவன் என்ன நினைப்பான்? பின் நம்பரைப் போட்டேன். சரியாக விழவில்லை, இன்னொரு முறை செய்யுங்கள் என்று எழுதி அடுத்த சதுரத்தை அனுப்பினான். அதற்கும் போட்டேன். இரண்டு முறையும் என் கணக்கிலிருந்துதான் பணம் போயிருந்தது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே. திரும்பக் கூப்பிட்டபோது அந்த நம்பர் எடுக்கவில்லை. எடுத்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அன்றைக்கு முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. அவமானம் ஒரு பக்கம். யாரிடம் சொல்வது என்பது இன்னொரு பக்கம். ஏமாந்ததைவிட அந்த ஒரு நாளைச் சும்மா விட்டதுதான் பெரிய முட்டாள்தனம் என்று பிறகு தெரிந்தது. உடனே சொன்னால் போகிற பணத்தை வழியிலேயே மறித்து வைக்க வாய்ப்பு அதிகமாம்.

மறுநாள் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். நடந்ததைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார். நான் "சரிங்க" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொன்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்துப் பணம் கட்டுகிற சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

'உங்களுக்குக் காது கேக்காதா சார்?'

இத்தனை வருடத்தில் அதை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன முணுமுணுத்தார்களோ தெரியாது. "கேக்காதுங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டுத் தன் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார். முதலில் என் கணக்கில் இனி எதுவும் போகாதபடி நிறுத்தினார், பின் நம்பரை மாற்ற வைத்தார். அப்புறம் எழுதினார். அவர் தெற்கத்திப் பக்கத்துக்காரர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. 'சார், துட்டு குடுக்கத்தான் பின் போடணும். வாங்குறதுக்குப் பின் எதுக்கு? யாரு கேட்டாலும் போடாதீங்க.' இன்னொரு சீட்டில், 'பார்சல் வந்தா வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. சாமான் வாங்க தனியா ஒரு கணக்கு வச்சு அதுல கொஞ்சமா போட்டு வைங்க.' கடைசியாக ஒன்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். 'புரியலன்னா திருப்பிக் கேளுங்க. யாரும் கடிச்சா வைக்கப் போறாங்க?' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

பணமோசடிப் புகாரைப் போனில் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். 'கூட யாரும் வந்திருக்காங்களா?' என்று எழுதிக் கேட்டார். "இல்லீங்க" என்றேன். 'வீட்டுல?' "யாருமில்லீங்க." சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல், எனக்காகக் கம்ப்யூட்டரிலேயே புகாரைப் பதிவு செய்தார். இரண்டாவது முறை போன பணம் அந்தப் பக்கம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் கிடைக்கலாம், முதலாவதை மறந்துவிடுங்கள் என்று எழுதிக் காட்டினார். அரசு மருத்துவமனையில் காது பார்க்கிறார்கள், போங்கள் என்று இன்னொரு சீட்டில் எழுதினார். நடுவில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள இன்னொருவர் நம்பர் வேண்டும் என்று எழுதினார். எனக்குத் தெரிந்தது ஒரே நம்பர்தான். மகளுடைய நம்பரைச் சொன்னேன். புகார் பற்றி அந்த நம்பருக்கும் ஒரு மெசேஜ் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் படி ஏறும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகள். எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது முறை எடுத்துவிட்டேன். தண்ணீர் ஓடுகிற அதே ஓசைதான், இந்த முறை வேகமாக வந்தது. ஓசை நின்றபோது, "ஒன்னுமில்ல கண்ணு, சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தன் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு எனக்குச் சொன்னதை ஒரு மணி நேரம்கூட என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்து மகளுக்கு அனுப்பினேன்.

'கண்ணு எனக்குக் காது கேக்கறதில்ல. ரெண்டு மூணு வருசமாச்சு. நீ போன்ல பேசறது எதுவுமே எனக்குக் கேக்காது. உன்னோட பேசத்தான் காது மிஷின் வாங்கப் போயி ஏமாந்துட்டேன்.'

அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. திட்டப்போகிறாள், இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

'ஆடி முடிஞ்சு ரெண்டாவது ஞாயித்துக்கெழமை ஒன்னு சொன்னேனுங்கப்பா. அது கேட்டுதுங்களா?'

'கேக்கல கண்ணு. என்ன சொன்னே?'

அவள் எழுதுகிறாள் என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

'நானும் அவரும் சேந்து இல்லீங்கப்பா. அப்ப இருந்தே நான் லேடீஸ் ஹாஸ்டல்லதான் இருக்கறேன். அன்னைக்கு அழுதுட்டே சொன்னேன். நம்மூட்டுக்கு வந்து கொஞ்ச நாள் உங்களோட இருந்துக்கட்டுங்களான்னு கேட்டேன். நீங்க நல்லது கண்ணு, மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லுன்னு சொல்லி வெச்சுட்டீங்க. நான் வர்றதுல உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சுட்டேன்.'

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஆடி முடிந்து இப்போது மார்கழி. நான்கு மாதம் என் பிள்ளை ஹாஸ்டல் கட்டிலில் தனியாகக் கிடந்திருக்கிறாள். நான் இங்கே இரண்டு அறை வீட்டில் தனியாகக் கிடந்துகொண்டு, அவளுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேன் என்று அழுதுகொண்டிருந்தேன். என் பெண் அழுததை நான் தண்ணீர் ஓடுகிற சத்தம் என்று கேட்டுக்கொண்டு, நல்லது கண்ணு என்று சொல்லியிருக்கிறேன். போன பணம் அப்போதே என் மனதிலிருந்து போய்விட்டது.

பதில் எழுத முயன்றேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்க எனக்குப் பொறுமை இல்லை. எழுதியதை அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் எடுத்தது திரையில் தெரிந்ததும் பேச ஆரம்பித்தேன்.

"கண்ணு, நீ பேசுனா எனக்குக் கேக்காது. நான் மட்டும் பேசறேன், நீ கேட்டுக்க சாமி. இது உன்ற ஊடு. இங்க வர்றதுக்கு நீ என்னைக் கேக்கவே வேண்டியதில்ல. நாளைக்கே பொறப்பட்டு வந்துரு. பஸ்ஸ்டாண்டுல நான் நிக்கறேன். அன்னைக்கு நீ சொன்னது கேட்டிருந்தா நானே வந்து கூட்டீட்டு வந்திருப்பேன் கண்ணு. எனக்குக் கேக்கல. நெசமாலுமே கேக்கல."

அவள் அந்தப் பக்கம் என்ன சொன்னாள், அழுதாளா, ஒன்றும் சொல்லாமல் இருந்தாளா, எனக்குத் தெரியாது. சரி என்றோ நல்லது என்றோ நான் எதுவும் சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு எதிரே பிடித்தேன். திரையில் நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவள் இன்னும் வைக்கவில்லை.